‘ரன்னிங்’ என்று காட்டினால் போதுமா? எடைமேடைக் கணினியின் பின்னணிச் சேவைகளும் பவர்ஷெல்லும்

கேள்வி: 3 ஆகஸ்ட் 2025

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைப் பழக்குலை வாங்கும் நிலையம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எடைமேடைக் கருவியிலிருந்து எடையை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் நிரல், விண்டோஸ் 10 இல் பின்னணிச் சேவையாக ஓடுகிறது. அடிக்கடி நின்றுவிடுகிறது. நின்றால் சர்வீசஸ் சாளரத்தைத் திறந்து ஸ்டார்ட் அழுத்துவேன், சரியாகிவிடும். முதலாளியோ விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதிக் கண்காணிக்கச் சொல்கிறார். என்னைக் கேட்டால் அது வீண் வேலை. சாளரத்தில் ‘ரன்னிங்’ என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா அண்ணா?

3 ஆகஸ்ட் 2025, இரவு

போதாது தம்பி. நீ அந்தச் சாளரத்தைத் திறப்பது எப்போது? லாரி ஓட்டுநர் சத்தம் போட்ட பிறகு. அதற்குள் வாசல் வரை வரிசை நின்றுவிடும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்பது நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

நானும் இதே ஊரில்தான் தோட்ட அலுவலகங்களுக்கும் பழ நிலையங்களுக்கும் கணினி பார்த்துக்கொடுக்கிறேன். ஆகவே உன் கணினி எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

கெட்-சர்வீஸ் என்ற கட்டளையில் தொடங்கு. 2006 இல் பவர்ஷெல் வந்த நாளிலிருந்தே இருக்கும் கட்டளை இது. வெறுமனே தட்டினால் நிலை, பெயர், காட்சிப்பெயர் என்று இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள் ஓடும். அதில் கண் நிற்காது. உனக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில்: தானாகத் தொடங்க வேண்டியவற்றில் எது நின்றுகிடக்கிறது? விண்டோஸ் 10 உடன் வரும் 5.1 பதிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஸ்டார்ட்டைப் என்ற பண்பு உண்டு. அது ஆட்டோமேட்டிக் ஆகவும், ஸ்டேட்டஸ் ஸ்டாப்டு ஆகவும் இருப்பவற்றை மட்டும் வேர்-ஆப்ஜெக்ட் கொண்டு வடிகட்டு. பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிடும்.

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளைக்கு வின்32_சர்வீஸ் என்ற வகுப்பைக் கொடு. சேவை எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது, அதன் நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, செயல்முறை எண் (ஓடும் நிரலுக்கு விண்டோஸ் தரும் எண்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். கெட்-சர்வீஸ் தராத செயல்முறை எண் இங்கே கிடைப்பதுதான் பெரிய பயன்; அதை வைத்துத்தான் அந்தச் சேவை எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று கேட்க முடியும்.

4 ஆகஸ்ட் 2025

ஓர் எச்சரிக்கை. சேவைகளை விசாரிக்க எஸ்சி என்றொரு பழைய நிரல் உண்டு; பழைய கட்டுரைகளைப் பார்த்து வெறுமனே எஸ்சி என்று தட்டிவிடாதே. 5.1 பதிப்பில் எஸ்சி என்பது கோப்பில் எழுதும் செட்-கன்டென்ட் கட்டளையின் சுருக்கப்பெயர். சேவையைப் பற்றி விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு பெயரில் கோப்பு எழுதிவிடுவாய். பிழைச் செய்தியும் வராது. எஸ்சி.இஎக்ஸ்இ என்று முழுதாகத் தட்டு. பவர்ஷெல் 6 முதல் அந்தச் சுருக்கப்பெயரை எடுத்துவிட்டார்கள்.

அதே கட்டுரைகளில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸுக்கு முந்தைய கட்டளையான கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்ட் இருக்கும். கெட்-சர்வீஸ் கட்டளைக்குக் கம்ப்யூட்டர்நேம் கொடுத்து வேறு கணினியைக் கேட்பதும் இருக்கும். இரண்டுமே 6 முதல் கிடையாது. அடுத்த அறைக் கணினியைக் கேட்க இன்வோக்-கமாண்ட் இருக்கிறது.

6 ஆகஸ்ட் 2025

“ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆனாலும் ஆட்டோமேட்டிக்காக இருந்தும் நின்றுகிடப்பவை சில வருகின்றன” என்று எழுதியிருக்கிறாய். வரத்தான் செய்யும். விண்டோஸ் உரிமத்தைச் சரிபார்க்கும் எஸ்பிபிஎஸ்விசி வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும். பிரவுசர்களின் புதுப்பிப்புச் சேவைகளும் அப்படியே. சில சேவைகள் ஒரு தூண்டல் வந்தால்தான் எழும், எஸ்சி.இஎக்ஸ்இ கட்டளைக்குக் க்யூடிரிகர்இன்ஃபோ என்று கொடுத்துச் சேவையின் பெயரைச் சொன்னால் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும்.

இன்னொரு வகை, தாமதித்துத் தொடங்குபவை. மற்ற ஆட்டோமேட்டிக் சேவைகள் எழுந்து சுமார் 120 வினாடி கழித்துத்தான் இவை எழும். 5.1 இன் கெட்-சர்வீஸ் இவற்றையும் ஆட்டோமேட்டிக் என்றே காட்டும். ஆகவே கணினி எழுந்தவுடன் உன் ஸ்கிரிப்ட் ஓடினால் பொய்யாக அபாய மணி அடிக்கும். பொய் அபாயம் தொடர்ந்து அடித்தால் மெய் அபாயத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லாச் சேவைகளையும் காவல் காப்பதை விட்டுவிடு. உன் நிலையத்துக்கு இன்றியமையாதவை எவை? எடைச் சேவை, தரவுத்தளம், அச்சுக்கான ஸ்பூலர். இந்த மூன்றின் பெயரையும் ஒரு கோப்பில் எழுதி, அவற்றை மட்டும் பார்.

10 ஆகஸ்ட் 2025

முதல் நாள் கேட்டாயே, ரன்னிங் என்றால் போதாதா என்று. அன்று அவசரமாகப் பதில் எழுதினேன். இன்று முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

பக்கத்து வட்டாரத்தில் வேறொரு பழ நிலையம். காலையில் ஒரு லாரி மேடையில் ஏறியது. மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியின் சிவப்பு எண்கள் 8,460 என்று காட்டின. கணினித் திரையில் 7,920. அது அதற்கு முன்னால் ஏறி இறங்கிய லாரியின் எடை. கிராணிப் பெண் திரையை மட்டும் பார்த்துச் சீட்டு அடித்துவிட்டார். நல்லவேளை, பழம் கொண்டுவந்த சிறுதோட்டக்காரர் கருவியைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்து, “அம்மா, என் 540 கிலோ எங்கே?” என்று கேட்டார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால்? குலை வெட்டிய கூலி, லாரி வாடகை எல்லாம் முழு எடைக்குக் கொடுத்திருப்பார். பணம் மட்டும் குறைந்த எடைக்கு வாங்கிப் போயிருப்பார்.

என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். எடைச் சேவை ரன்னிங். செயல்முறை உயிரோடு இருந்தது. நினைவகம் சீராக இருந்தது. ஆனால் கருவியின் கம்பி வந்து சேரும் காம் துளையிலிருந்து வரும் தரவுக்காகக் காத்துக்கொண்டே உள்ளே உறைந்துபோயிருந்தது. கடைசியாக வாங்கிய எடை அப்படியே திரையில் நின்றுவிட்டது.

விண்டோஸின் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: “ஓடுகிறேன்” என்று சேவை ஒருமுறை சொன்னது, “நின்றேன்” என்று இன்னும் சொல்லவில்லை, செயல்முறையும் சாகவில்லை. ஆகவே ரன்னிங். உள்ளே வேலை நடக்கிறதா என்று அது கேட்பதில்லை. இது விண்டோஸின் குறை என்றுகூடச் சொல்ல மாட்டேன். எடை வாங்கும் சேவையின் வேலை எது, அச்சுச் சேவையின் வேலை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? நமக்குத்தான் தெரியும்.

ஆகவே நிலையோடு சேர்த்து விளைவையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான எடைக் கருவிகளைத் தொடர்ந்து அனுப்பும் முறையில் வைத்திருப்பார்கள். மேடை காலியாக இருந்தாலும் சுழியம் சுழியம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். உன் சேவை வாங்கிய கடைசி எடையைச் சிறு கோப்பில் எழுதுகிறதா என்று பார். எழுதினால், அந்தக் கோப்பின் லாஸ்ட்ரைட்டைம் (கடைசியாக எழுதிய நேரம்) இப்போதிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தால், ஸ்டேட்டஸ் என்ன சொன்னாலும் சேவை செத்தது என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்டட்டும். தரவுத்தளத்துக்கு டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கொண்டு அதன் பிணையத் துளை (போர்ட்) எண்ணைத் தட்டிப் பார்.

10 ஆகஸ்ட் 2025, சற்றுப் பிந்தி

மேலே சொன்னதில் ஒரு நுணுக்கம் சேர்க்க வேண்டும். சேவை அந்தக் கோப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு எழுதினால், கோப்புறைப் பட்டியலில் தெரியும் நேரம் பின்தங்கி நிற்கலாம். அப்படியிருந்தால் கோப்பின் நேரத்தை விடு. உள்ளே எழுதியிருக்கும் கடைசி வரியின் நேரத்தைப் படி, அல்லது தரவுத்தளத்தின் கடைசிப் பதிவைக் கேள்.

11 ஆகஸ்ட் 2025

“மணிக்கொரு முறை ரீஸ்டார்ட்-சர்வீஸ் கொடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்ததே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, வேண்டாம். லாரி மேடையில் இருக்கும்போது அந்த மணி அடித்தால்? பழத்தோடு எடுத்த எடை பதிவாகி, வெறும் லாரி எடை பதிவாகாமல் போகும். நோய் தெரியாமல் மாத்திரை கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

17 ஆகஸ்ட் 2025

சேவை ஏன் நின்றது என்பதற்குச் சாட்சி கணினியிலேயே இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கெட்-வின்ஈவென்ட் கட்டளைக்கு ஃபில்டர்ஹேஷ்டேபிள் கொடுத்து, சிஸ்டம் நிகழ்வுப் பதிவேட்டில் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் எழுதியவற்றை மட்டும் எடு.

நிகழ்வு எண் 7034 என்றால் சேவை எதிர்பாராமல் மாண்டது. 7031 உம் அதுவே, கூடவே எடுக்கப்போகும் மீட்பு நடவடிக்கையும் (மீண்டும் தொடங்குவது போன்றது) இருக்கும். 7000 என்றால் தொடங்கவே முடியவில்லை. 7009 என்றால் தொடங்கச் சொல்லி 30,000 மில்லிவினாடி காத்திருந்தும் பதில் வரவில்லை.

நம் ஊரில் மாலை இடி இறங்கினால் மின்சாரம் போய் வருவது புதிதல்ல. மின்சாரம் திரும்பியதும் எல்லாச் சேவைகளும் ஒரே நேரத்தில் எழ முண்டியடிக்கும். பழைய வன்தட்டு உள்ள கணினியில் தரவுத்தளம் எழுமுன் எடைச் சேவை எழுந்து, தேடிப் பார்த்து, கிடைக்காமல் விழுந்துவிடும். உன் பதிவேட்டில் 7009 உம் 7000 உம் சேர்ந்தாற்போல் வந்தால் நேரத்தைப் பார். மின்சாரம் திரும்பிய நேரமாக இருந்தால், எடைச் சேவை தரவுத்தளத்தைச் சார்ந்தது என்று எஸ்சி.இஎக்ஸ்இ மூலம் டிபெண்ட் கொடுத்துப் பதிந்துவிடு. சமக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட வேண்டும்.

23 ஆகஸ்ட் 2025

“இரவு கணினியை அடைத்துக் காலையில் திறக்கிறோம், ஆகவே சேவைகள் தினமும் புதிதாகத் தொடங்குகின்றன” என்று தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, நேரே வின்32_ஆப்பரேட்டிங்சிஸ்டம் வகுப்பின் லாஸ்ட்பூட்அப்டைம் என்ன என்று பார்க்கச் சொன்னேன். ஜூலை மாதத் தேதி வந்திருக்கிறது. அவருக்கு ஆச்சரியம்.

விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செய்யும் வேலை இது. ஷட்டவுன் கொடுத்தால் நம்மை மட்டும் வெளியேற்றும். விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலையும் சேவைகள் வாழும் அமர்வு 0 ஐயும் வன்தட்டில் உறங்க வைக்கும். காலையில் அதே உறக்கத்திலிருந்து எழுப்பும். நேற்றுக் குழம்பிய சேவை இன்றும் அதே குழப்பத்தோடு எழும். உண்மையில் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். எடைமேடைக் கணினிகள் அனைத்திலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நான் அணைத்துவிடுகிறேன். எழ இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், ஆகட்டும்.

1 செப்டம்பர் 2025

மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் முடிந்து வந்த முதல் அழைப்பே சீட்டு அச்சாகவில்லை என்பதுதான். ஸ்பூலர் ரன்னிங். ஆனால் சிஸ்டம்32 இன் கீழ் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற கோப்புறையில் எஸ்பிஎல் கோப்பு ஒன்றும் எஸ்எச்டி கோப்பு ஒன்றும் போன வாரத் தேதியோடு கிடந்தன. சிக்கிய வேலை முன்னால் நிற்க, பின்னால் வந்த சீட்டுகள் எல்லாம் தேங்கின. ஸ்பூலரை நிறுத்தி, அவற்றை நீக்கி, மீண்டும் தொடங்கினேன். மூன்றடுக்குக் காகிதத்தில் அடிக்கும் ஊசி அச்சுப்பொறி கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஆகவே ஸ்பூலருக்கும் விளைவுச் சோதனை உண்டு: அந்தக் கோப்புறையில் பத்து நிமிடத்துக்கு மேல் பழைய கோப்பு இருந்தால் அறிவிப்பு.

அச்சுப்பொறி இல்லாத கணினியில் ஸ்பூலரை டிசேபிள்டு ஆக்கிவிடுங்கள். 2021 ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது மைக்ரோசாஃப்ட்டே சொன்ன தற்காப்புகளில் ஸ்பூலரை நிறுத்துவதும் ஒன்று. தேவையில்லாத சேவை ஓடாமல் இருப்பதே நல்லது.

14 செப்டம்பர் 2025

தெலுக் இந்தானிலிருந்து ஒரு தங்கை கேட்டது: நேற்றைய பட்டியலையும் இன்றைய பட்டியலையும் ஒப்பிட்டால் தினமும் “புதிய” சேவைகள் வருகின்றன, வைரஸா?

பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் 10 இல் பயனர்வாரியான சேவைகள் உண்டு. பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் எழுத்தும் எண்ணும் கலந்த வாலும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் அந்த வால் மாறும். சிடிபியூசர்எஸ்விசி அப்படிப்பட்டதுதான். எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கொண்டு பட்டியலைக் கோப்பாக்குமுன் ரீப்ளேஸ் கொண்டு வாலை வெட்டிவிடுங்கள். பிறகு கம்பேர்-ஆப்ஜெக்ட்டில் பெயரையும் தொடக்க வகையையும் ஒப்பிட்டால், உண்மையிலேயே புதிதாக வந்தது மட்டும் தெரியும். அதையும் பதிவேட்டின் 7045 உடன் சரிபாருங்கள். புதுச் சேவை நிறுவப்படும்போது அது எழுதப்படும். நிரல் தற்காலிகக் கோப்புறையிலிருந்து ஓடுவதாக இருந்தால் அப்போது கவலைப்படுங்கள்.

28 செப்டம்பர் 2025

பைத்தான் நிரல்மொழியில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. பிஎஸ்யூட்டில் நூலகத்தில் வின்_சர்வீஸ்_இட்டர் என்ற செயற்கூறு எல்லாச் சேவைகளையும் வரிசையாகத் தரும். ஆனால் பைத்தானைக் கணினி தோறும் நிறுவ வேண்டும். பவர்ஷெல் ஏற்கெனவே இருக்கிறது. கணினிகள் குறைவாக உள்ள இடத்தில், ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு செய்வதே என் வழக்கம்.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பார்த்து எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. அங்கே வாட்ச்டாக்செக் என்று நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்துக்குள் சேவை “வேலை செய்துகொண்டிருக்கிறேன்” என்று தானே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தோல்வி என்று கொண்டு கொன்றுவிடும். மீண்டும் தொடங்கவும் சொல்லி வைக்கலாம். நான் கோப்பின் நேரத்தைப் பார்த்துச் சுற்றிச்சுற்றிச் செய்வதை அங்கே ஒரு வரியில் கேட்டு வாங்கலாம். அதற்கு நிரல் எழுதுபவரும் மனம் வைக்க வேண்டும் என்பது வேறு.

12 அக்டோபர் 2025

அறிவிப்பை எங்கே அனுப்புவது என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் கணக்கின் கீழ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட்டை ஓட விடுங்கள். அது அமர்வு 0 இல் ஓடும். விஸ்டா காலத்திலிருந்தே அமர்வு 0 நம் திரையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அங்கிருந்து செய்திப் பெட்டி எழுப்பினால் யார் கண்ணுக்கும் தெரியாது. இதனால்தான் சில பழைய சேவைகளும் தொங்கிப்போகின்றன: “காகிதம் இல்லை, ஓகே அழுத்தவும்” என்று ஆளில்லாத அறையில் கேட்டுக்கொண்டு நிற்கும், ஸ்டேட்டஸ் என்னவோ ரன்னிங். சிஸ்டம் கணக்குக்கு நீங்கள் பிணையத்தில் இணைத்துவைத்த இசட் டிரைவும் தெரியாது. பிணையப் பாதையை முழுதாக எழுதுங்கள். நான் இன்வோக்-ரெஸ்ட்மெத்தட் மூலம் டெலிகிராம் குழுவுக்கு அனுப்புகிறேன். முதலாளி, கிராணி, நான், மூவரும் அதில் இருக்கிறோம்.

மீட்பு நடவடிக்கை பற்றி என் எண்ணம் இந்த மாதங்களில் கொஞ்சம் மாறியிருக்கிறது. விழுந்தால் தானே எழட்டும் என்று எல்லாச் சேவைக்கும் போட்டுவிடுவது வழக்கம். ஸ்பூலருக்கு அது சரி. எடைச் சேவைக்கு இப்போது முதல் முறை மட்டும் தானே எழ விடுகிறேன். இரண்டாவது முறை மனிதர் வந்து பார்த்தாக வேண்டும். அளவு சம்பந்தப்பட்ட இடத்தில், விழுந்து விழுந்து எழும் சேவை தரும் எண்ணை நம்பிச் சீட்டு அடிக்கக் கூடாது. இன்னொன்று: செயல்முறை எதிர்பாராமல் மாண்டால்தான் மீட்பு பாயும். பிழை எண்ணோடு சேவை தானே ஒழுங்காக நின்றுகொண்டாலும் பாய வேண்டுமானால் எஸ்சி.இஎக்ஸ்இ மூலம் ஃபெயிலியர்ஃபிளாக் என்பதை 1 ஆக்க வேண்டும்.

நாளை மறுநாள், அக்டோபர் 14, விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது. இங்கே சொன்ன கட்டளைகள் 11 இலும் அப்படியே ஓடும்.

25 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்து தம்பியின் நிலையத்துக்கு நேரில் போனேன். பதிவேட்டில் 7034 வரிசையாக இருந்தது. நேரங்களை எழுதிப் பார்த்தோம். எல்லாம் மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு, அல்லது பழ வரத்து இல்லாத மந்தமான நேரத்தில். கருவியின் கம்பி யூஎஸ்பி மாற்றி வழியாகக் கணினியில் இணைந்திருக்கிறது. மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த யூஎஸ்பியை உறங்க வைக்க, காம் துளை காணாமல் போக, சேவை மாண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த யூஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், உறங்க வைக்க அனுமதிக்கும் குறியை எடுத்தேன். பவர் அமைப்பில் யூஎஸ்பி உறக்கத்தையும் அணைத்தேன். ஸ்டார்ட் அழுத்திக்கொண்டே இருந்திருந்தால் இது ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

தம்பிக்கு ஒன்று மட்டும்: அறையைக் கூட்டும்போது அந்தக் கம்பியைப் பிடுங்கினால் திரும்ப அதே யூஎஸ்பி துளையில் செருகச் சொல். துளை மாறினால் பல மாற்றிகளுக்குக் காம் எண்ணும் மாறும். சேவையின் அமைப்புக் கோப்பு பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். மாறிவிட்டால் டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்ப் பழைய எண்ணையே கொடுத்துவிட்டுச் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கு.